ஐந்து மணிக்குள் ஒரு நம்பர்

போன் வந்தபோது அவள் கண்ணுக்குக் கீழே சாம்பல் நிறத் துணி ஓடிக்கொண்டிருந்தது.

சாயப்பட்டறையில் துணி சோதிக்கும் மேசை என்பது சாய்த்து நிறுத்திய ஒரு கண்ணாடிப் பலகை. அதற்குப் பின்னால் குழல் விளக்குகள் எரியும். மேலே ஓர் உருளையிலிருந்து துணி இறங்கி, வெளிச்சத்தின் மேல் நழுவி, கீழே இன்னோர் உருளையில் சுற்றிக்கொள்ளும். எதிரில் நிற்பவள் கண்ணை எடுக்கக் கூடாது. நூல் அறுந்த இடம், எண்ணெய்ப் பொட்டு, சாயம் பட்டை பட்டையாக ஏறிய இடம் என்று எது தெரிந்தாலும் கால்கட்டையை அழுத்தி ஓட்டத்தை நிறுத்தி, ஓரத்தில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் ஒட்ட வேண்டும். பதினான்கு வருடமாக ஒட்டுகிறாள். மற்ற மேசைக்காரிகள் செய்யாத ஒன்றையும் செய்வாள். ஓர் உருளைக்குப் பத்து இடத்திலாவது துணியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்ப்பாள். முன்பக்கம் இஸ்திரியில் பளபளவென்று வந்துவிடும். வண்டவாளமெல்லாம் பின்னால்தான் இருக்கும்.

குறையைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது, அது யார் குறை என்றும் எழுத வேண்டும். அங்கேதான் சண்டை. நெசவுக்காரர்கள் சாயத்தைச் சொல்வார்கள். சாயக்காரர்கள் நூலைச் சொல்வார்கள். இரண்டு பக்கமும் தொண்டை வற்றக் கத்திய பிறகு மேனேஜர் வந்து, "பாதி பாதின்னு போட்டுடும்மா, நமக்கு எதுக்கு வம்பு" என்பார். எல்லாரும் அப்படித்தான் போடுவார்கள். அவள் மட்டும் போடமாட்டாள். அதனால் பட்டறையில் அவளுக்குக் 'கறார்' என்று பெயர்.

போனில் கிளினிக்கின் ஆலோசகர் அம்மா.

"காலையில எடுத்த ஸ்கேன் பாத்தாச்சும்மா. முட்டை பத்தொம்பது மில்லிமீட்டர், அழகா இருக்கு. இன்னிக்குச் சாயந்தரம் ஏழரைக்குக் கடைசி ஊசி. நாளை மறுநாள் காலையில ஏழரைக்கு இங்க வந்துடணும்."

"சரிங்க மேடம்."

"டோனர் நம்பர் இன்னும் வரலையே. இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள சொன்னாத்தான் நாளைக்கு அது ஸ்பெர்ம் பேங்க்ல இருந்து கிளம்பி இங்க வரும். போன மாசம் மாதிரி ஆயிடக் கூடாது பாருங்க."

"ஆகாது மேடம்."

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "யாரு அக்கா போன்ல? முகம் இப்படிப் போகுது. உங்க வீட்டு மாஸ்டரா?"

"ஒரு வகையில புருஷன் விஷயம்தான்."

"அவருக்கு என்ன குறை? பொண்டாட்டி மூஞ்சியிலயும் ஷேடு சரியா இருக்கான்னு பாத்துட்டுத்தான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவாரு."

அவள் சிரிக்கவில்லை. கால்கட்டையை விட்டாள். துணி மறுபடி ஓடியது.

போன மாதம் பதினொரு ஊசி. தொப்புளுக்கு இரண்டு பக்கமும் மாற்றி மாற்றி, நீலம் பாரித்த இடத்தைத் தவிர்த்துவிட்டு மிச்ச இடத்தில். கிளினிக்கில் மூன்று தாள் கொடுத்து, இதில் ஒருவரைத் தேர்ந்தெடுங்கள் என்றார்கள். கணவன் தாள்களை வாங்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். இன்றைக்குச் சொல்கிறேன், நாளைக்குச் சொல்கிறேன் என்று அவன் உள்ளங்கையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோதே நாள் கடந்துவிட்டது. முட்டை வெடித்து வீணாகப் போன அன்று அவள் இதே மேசைக்கு முன்னால்தான் நின்றாள். நானூறு மீட்டர் பார்த்தாள். ஒரு ஸ்டிக்கர்கூட விடவில்லை. முப்பத்தெட்டு வயது. "இன்னும் ரெண்டு மூணு தடவை முயற்சி பண்ணலாம். அதுக்கு மேல நம்பிக்கை குடுத்து உங்களை ஏமாத்த எனக்கு இஷ்டமில்ல" என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்த இரண்டு மூன்றில் ஒன்றை அவன் சட்டைப்பையில் வைத்தே தீர்த்துவிட்டான்.

தேநீர் இடைவேளையில் லேபுக்குப் போனாள்.

கணவன் அங்கே ஷேடு மாஸ்டர். வாடிக்கையாளர் ஒரு துண்டுத் துணியைக் கொடுத்து இதே நிறம் வேண்டும் என்றால், எந்தச் சாயம் எவ்வளவு என்று கணக்கிட்டு, சின்னக் குவளையில் முக்கி எடுத்து, அச்சு அசலாக அதே நிறத்தைக் கொண்டுவருவது அவன் வேலை. நிறத்தை ஒத்துப்பார்க்க ஒரு பெட்டி உண்டு. அதற்குள் பகல் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு மஞ்சள் பல்பு என்று வெவ்வேறு விளக்குகள். ஒரு விளக்கில் ஒன்றுபோல் இருக்கும் இரண்டு துணி, இன்னொன்றில் அண்ணன் தம்பி மாதிரி ஆகிவிடும். மூன்றாவதில் ஊர் பேர் தெரியாதவர்கள் ஆகிவிடும்.

அவன் இல்லை. பெட்டி எரிந்துகொண்டிருந்தது. உள்ளே தீப்பெட்டி அளவில் ஏழு துண்டுத் துணி. எல்லாம் பழுப்பு. ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு பின் செய்திருந்தது, அவன் கையெழுத்தில். முன்கை, உள்பக்கம். முன்கை, வெளிப்பக்கம். கழுத்து. காதுக்குப் பின்னால்.

அவள் எல்லாச் சீட்டையும் இரண்டு தடவை படித்தாள்.

அவன் குவளையோடு உள்ளே வந்தான். வலது சட்டைக்கை முழங்கைக்கு மேல் சுருட்டியிருந்தது.

"இது எந்த ஆர்டர்?" என்றாள்.

"ஆர்டர் இல்ல."

"பின்ன?"

குவளையை வைத்தான். சட்டைக்கையை இறக்கிவிட்டுப் பொத்தானைத் தேடினான். "அந்தத் தாள்ல நிறம்னு ஒரு கட்டம் இருக்குல்ல. மாநிறம்னு போட்டிருக்கான். மாநிறம்னா என்னான்னு சொல்லு. மாநிறத்துல நாப்பது இருக்கு. அதான், இதைக் காட்டினா, அவங்ககிட்ட இருக்கிறவங்கள்ல எவன் கிட்டத்துல வர்றான்னு..."

"காட்டினீங்களா?"

"போன வாரம் போனேன். அந்த மேடம் வாங்கிப் பாத்தாங்க. துணியெல்லாம் நாங்க வாங்கறதில்ல சார்னு சிரிச்சாங்க."

வேறொரு சமயமாக இருந்தால் அவளுக்கும் சிரிப்பு வந்திருக்கும். தன் தோலின் நிறத்தைத் தானே காய்ச்சி எடுத்துக்கொண்டு ஒருவன் பஸ் ஏறிப் போயிருக்கிறான். கல்யாணமான புதிதில் இந்த மாதிரிக் கிறுக்குத்தனத்துக்காகவே அவனை அவளுக்குப் பிடிக்கும். இப்போது, தன் வயிற்றில் ஊசி ஏறிய ஒவ்வொரு நாளும் இவன் இங்கே நின்று காதுக்குப் பின்னால் என்ன நிறம் என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறான் என்பது மட்டும்தான் தெரிந்தது.

"அஞ்சு மணிக்குள்ள நம்பர் கேக்கறாங்க."

"இன்னிக்கா?"

"இன்னிக்கு. மூணு தாளும் ஒரு மாசத்துக்கு மேல உங்க கையில இருக்கு. எந்த நம்பர்?"

"வீட்டுல பேசிட்டுச் சொல்லிடலாம்."

"வீட்டுலன்னா? நீங்களும் நானும் இங்கதானே நிக்கறோம். வீட்டுல யாரு இருக்கா?"

அவன் பெட்டியின் சுவிட்சைத் தட்டினான். மஞ்சள் பல்பு எரிந்தது. ஏழு பழுப்பும் சிவந்தன. இன்னொரு தடவை தட்டினான். பாசி பிடித்தாற்போல ஆயின.

"விளக்கை விடுங்க. யாரு இருக்கா?"

"அம்மாகிட்டயும் அக்காகிட்டயும் சொல்லிட்டேன். தாளும் அங்கதான் இருக்கு."

வெளியே நீராவிக் குழாய் ஒன்று சீறி அடங்கியது.

நான்கு வருடம் எல்லாச் சோதனையும் அவளுக்கு மட்டும்தான் நடந்தது. அவன் தன் சோதனையை இந்த மாதம் அந்த மாதம் என்று தள்ளிக்கொண்டே போனான். கடைசியில் எடுத்தபோது விந்தணு பூஜ்யம். மறுபடி எடுத்தபோதும் பூஜ்யம். கிளினிக்கின் மாடிப்படியில் உட்கார்ந்து, யாரிடமும் சொல்லாதே, அம்மாவிடம் மட்டும் சொல்லவே சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். சரி என்றாள். அந்தச் சரியை இரண்டு வருடம் சுமந்தாள். நாத்தனாரின் பேரக்குழந்தையைக் கையில் வாங்கப் போனால், "நீ இரு, நான் வாங்கிக்கறேன்" என்று மாமியார் குறுக்கே வந்து நிற்பார். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. இன்றைக்கு அவனே சொல்லிவிட்டான். எதைச் சொன்னான், எப்படிச் சொன்னான்?

அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு இருவரும் இரண்டு மணிக்குக் கிளம்பினார்கள். அவள் நடந்தாள். அவன் ஸ்கூட்டரை உருட்டாத குறையாகப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு வந்தான், இரண்டு காலையும் தரையில் தேய்த்துக்கொண்டு.

"ஏறிக்கோ."

"நடக்கறேன்."

"வெயில் பாரு."

"எனக்குத் தெரியுது வெயில்."

காற்றே இல்லை. சாயக்கழிவு ஓடும் வாய்க்கால் இன்றைக்கு ஊதாவாக இருந்தது. அதன் மேல் வெயில் எண்ணெய்போல் மிதந்தது. பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடித்து, "ஏம்ப்பா, ஒண்ணு ஓட்டு, இல்ல இறங்கி நட" என்று கத்திவிட்டுப் போனான். அவன் இறங்கி நடந்தான்.

வீடு மாடியில் இரண்டு அறை. கதவு திறந்தே கிடந்தது. செருப்பைக் கழற்றும்போதே உள்ளே பேச்சு கேட்டது. மருந்துக்கடையில் வேலை பார்க்கும் நாத்தனார் மேசையில் தாள்களைப் பரப்பி, பறக்காமல் இருக்கச் சர்க்கரை டப்பாவை மேலே வைத்து, மூக்குக்கண்ணாடியை நுனிக்கு இறக்கி வாசித்துக்கொண்டிருந்தாள். மாமியார் கட்டிலில் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்து ரொட்டியைத் தேநீரில் தோய்த்துக்கொண்டிருந்தார்.

"முதல் ஆளு அஞ்சடி பத்து. எஞ்சினியர். மாநிறம். பொழுதுபோக்கு சதுரங்கமாம்."

"நாளெல்லாம் கட்டையை நகர்த்திக்கிட்டு உக்காந்திருப்பானாக்கும். அடுத்தவன் யாரு?"

"அஞ்சடி ஏழு. வெளுப்பு. கணக்கு வாத்தியார். சாந்த குணம்."

"சாந்த குணம்னு யாரு போட்டது? அவனே போட்டுக்கிட்டதா?"

"அவங்களேதான் எழுதிக் குடுக்கறது."

"உங்க அப்பாவைக்கூட சாந்த குணம்னு சொல்லித்தான் என் தலையில கட்டினாங்க." ரொட்டி முனை தேநீரில் விழுந்துவிட்டது. விரலை விட்டு எடுத்தார். "இருந்தாலும் வெளுப்புன்னு சொல்றியே. மூணாவது?"

"அஞ்சடி ஆறு. கறுப்பு. சமையல்காரர்."

"அதைத் தூக்கிக் கீழ வை."

"ஏன்மா, நம்ம தம்பி மட்டும் என்ன பால் வெளுப்பா?"

"அவனை நான் பெத்தேன், வந்தது வந்துச்சு. இது கேட்டு வாங்கறதுடீ. கேட்டு வாங்கும்போது கொஞ்சம் வெளுப்பா வாங்கினா என்ன குறைஞ்சுபோச்சு?"

கணவன் உள்ளே போய் அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். "வெளுப்பு வேண்டாம்மா. பாக்கறவங்களுக்குத் தெரிஞ்சுடும்."

"அவ ஜாடைன்னு சொல்லிக்கலாம்."

"அவளும் கறுப்புதானேம்மா."

"அவ அப்பன் ஜாடை. அவ சித்தப்பன் ஜாடை. யாராவது ஒருத்தன் வெளுப்பா இருக்க மாட்டானா அவ வீட்டுல?"

அவள் வாசல்படியில் நின்றபடியே இதையெல்லாம் கேட்டாள். மூன்று பேரும் அவளைப் பார்த்தார்கள், பார்த்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தார்கள். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. மறைத்துப் பேசியிருந்தால்கூட அவளுக்குப் பயப்படுகிறார்கள் என்று ஆகியிருக்கும்.

"என்னை யாராவது கேக்கறீங்களா?" என்றாள்.

"உன்னைக் கேக்காமலா?" என்றார் மாமியார். "உக்காரு. தண்ணி குடி. சுமக்கப் போறவ நீ. சுமக்கறவளுக்கு எதுவா இருந்தா என்ன, கனம் ஒண்ணுதான்."

நாத்தனாருக்குக்கூட அது கொஞ்சம் அதிகமாகத் தோன்றியிருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, குரலைத் தாழ்த்தினாள். "நாங்க ஒண்ணும் தப்பா நினைக்கலம்மா. தம்பி எல்லாம் சொன்னான். ரெண்டு பேருக்கும் கொஞ்சம் கொஞ்சம் கோளாறாமே. பாதி உன் பக்கம், பாதி அவன் பக்கம். அது யாருக்கும் வர்றதுதான். நீ மனசுல வெச்சுக்காத."

அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

பாதி பாதி. பட்டறையில் சாயம் கெட்டுப்போன ஒவ்வொரு தடவையும் அவனுடைய பிரிவு ஓடிவந்து கேட்கும் அதே பாதி. அங்கே பதினான்கு வருடம் அவள் எழுத மறுத்ததை, அவன் வீட்டில், அவளுக்குத் தெரியாமல், அவள் பேரில் எழுதி வைத்திருக்கிறான்.

உள்ளறைக்குப் போனாள். துணி அலமாரியின் அடித்தட்டில், குளிர்காலப் போர்வைக்குக் கீழே ஒரு பச்சை ஃபைல் இருந்தது. எடுத்து வந்து சர்க்கரை டப்பாவை நகர்த்திவிட்டு மேசையில் வைத்தாள்.

"அண்ணி, உங்களுக்கு ரிப்போர்ட் படிக்கத் தெரியும். படிங்க."

"வேண்டாம்," என்றான் கணவன். சத்தமே வரவில்லை.

"சத்தமா படிங்க அண்ணி. அத்தைக்குக் கேக்கணும்."

நாத்தனார் தம்பியைப் பார்த்தாள், அவளைப் பார்த்தாள், கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். "இது உன்னுது. கர்ப்பப்பை நார்மல். குழாய் ரெண்டும் திறந்திருக்கு. ஹார்மோன்... நார்மல். இதுவும் உன்னுதுதான். நார்மல்." ஒவ்வொரு தாளாகத் திருப்பினாள். ஒன்பது தாள். பத்தாவதில் நின்றாள்.

"நிக்காதீங்க."

"இது தம்பியோடது. எண்ணிக்கை, பூஜ்யம்." அடுத்த தாள். "மறுபரிசோதனை. பூஜ்யம்."

"பூஜ்யம்னா?" என்றார் மாமியார்.

"ஒண்ணுகூட இல்லன்னு அர்த்தம்மா."

கோப்பையில் ரொட்டி முழுதாகக் கரைந்து அடியில் இறங்கியிருந்தது. கீழ்வீட்டில் யாரோ குழாயைத் திறந்தார்கள். வாளி நிறையும் சத்தம் மேலே ஏறி ஏறி வந்து, வழிந்து, நின்றது. மாமியாரின் முகத்தில் ஏதோ ஒன்று வரும் என்று அவள் காத்திருந்தாள். ஒரு வார்த்தை வேண்டும் என்றுகூட இல்லை. கண் கொஞ்சம் தாழ்ந்தால் போதும்.

"இதை ஏன்டி இத்தனை நாளா என்கிட்ட சொல்லல?" என்றார் மாமியார்.

"யாரு, நானா?"

"பின்ன யாரு? நீ சொல்லியிருந்தா நான் ஏன் உன்னை ஒரு வார்த்தை பேசப் போறேன்? உள்ள வெச்சுக்கிட்டு என்னைப் பேசவிட்டு வேடிக்கை பாத்திருக்க. இப்ப நான்தானே பொல்லாதவ ஆயிட்டேன்."

"உங்க பையன்தான் அத்தை சொல்லாதன்னு கேட்டாரு. படிக்கட்டுல உக்காந்து அழுதாரு."

"ஆம்பளைக்கு வெக்கம் இருக்கும். உனக்குப் புத்தி எங்க போச்சு?"

அவள் வாய்வரை வந்ததை எல்லாம் சொல்லியிருக்கலாம். குழந்தையைத் தூக்கவிடாமல் நீட்டிய கையைச் சொல்லியிருக்கலாம். நான்கு வருடம் காலை அகட்டிப் படுத்த மேசைகளைச் சொல்லியிருக்கலாம். கணவனைப் பார்த்தாள். இப்போதாவது, அம்மா நான்தான், என்று ஒன்று சொல்வானா? அவன் அம்மாவின் கோப்பையை எடுத்து, கரைந்த ரொட்டியை ஜன்னல் தொட்டியில் கொட்டுவதற்காக எழுந்தான்.

மேசையிலிருந்து மூன்று தாளையும் எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டாள். சுவர்க் கடிகாரம் நாலு இருபது காட்டியது.

"கதவைத் திற. சேர்ந்து பேசலாம்," என்றான் வெளியிலிருந்து.

"பேசினவரைக்கும் போதும்."

தாள்களை அடுப்பு மேடைமேல் வரிசையாக வைத்தாள். உயரம், எடை, நிறம், முடி, படிப்பு, வேலை, குணம். சர்க்கரை டப்பா வைத்த இடத்தில் பிசுபிசுவென்று ஒரு வட்டம். மூன்றும் நல்ல துணிபோலத் தெரிந்தன. பழக்கத்தில் கை தானாகப் போய் முதல் தாளைத் திருப்பியது.

பின்பக்கம் முழுக்க எழுதி நிரப்பியிருந்தது. குடும்ப உடல்நலம் என்று தலைப்பு. ஒரு மாதத்துக்கு மேல் இந்தத் தாள்கள் மூன்று பேர் கைக்கு மாறியிருக்கின்றன. ஒருவரும் திருப்பிப் பார்க்கவில்லை. அந்தப் பக்கத்தில் ஒரு விரல் அழுக்குகூட இல்லை.

எஞ்சினியரின் அப்பா நாற்பத்திமூன்று வயதில் மாரடைப்பில் இறந்தார். பெரியப்பா நாற்பத்தாறில், அதே காரணம். ஓரமாக நகர்த்தி வைத்தாள். வாத்தியாரின் அம்மாவுக்கு முப்பது வயதிலிருந்து சர்க்கரை, அக்காவுக்கு இருபத்தெட்டிலிருந்து. கொஞ்ச நேரம் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். பெரிய ஓட்டை என்று சொல்ல முடியாது. ஸ்டிக்கர் ஒட்டிப் போகவிடலாம்.

மூன்றாவதைத் திருப்பினாள். அப்பா, அறுபத்தொன்பது, முழங்கால் வலி. அம்மா, அறுபத்தாறு, இன்னும் வேலைக்குப் போகிறார். தனக்கு இடது கண்ணில் கிட்டப்பார்வை. பல் இரண்டு சொத்தை. தூசி ஒத்துக்கொள்ளாது. அடியில் 'தன்னைப் பற்றி' என்று ஒரு கோடு. மற்ற இருவரும் அங்கே சாந்தம், பொறுமை, அனுசரணை என்று எழுதியிருந்தார்கள். இந்த ஆள் பேனாவை அழுத்திப் பிடித்து எழுதியிருந்தான்: கோபம் வரும். வந்தால் சீக்கிரம் போகாது.

அவள் அந்த வரியை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். யாரும் கேட்காமல் தன் மேல் தானே ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்ட ஒருத்தனை அவள் இதுவரை பார்த்ததில்லை. பட்டறையிலும் இல்லை, இந்த வீட்டிலும் இல்லை.

நாலு நாற்பத்தொன்றுக்கு, குழாயை முழுதாகத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் குனிந்து நின்று கிளினிக்குக்கு நம்பரைச் சொன்னாள். ஆலோசகர் அம்மா திருப்பிச் சொல்லிக் கேட்டார். ஆமாம் என்றாள்.

"மேடம், ஃபார்ம்ல அவரும் கையெழுத்துப் போடணும்ல?"

"ரெண்டு பேரும் போடணும்மா. நாளன்னிக்குக் காலையில இங்கயே போட்டுக்கலாம்."

"நம்பரைப் பாத்துட்டுத்தான் போடணுமா?"

"சம்மதம்தான்மா சட்டம். பாக்கறது பாக்காதது அவங்கவங்க இஷ்டம்."

மூன்று தாளையும் நான்காகக் கிழித்து, அடுப்பைப் பற்றவைத்து எரித்தாள். கதவைத் திறந்தபோது நாத்தனார் கிளம்பிப் போயிருந்தாள். மாமியார் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். கணவன் கதவுக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தான்.

"சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்."

"எது?"

அவள் மேசையிலிருந்த ஃபைலை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குப் போனாள்.

ஏழரைக்கு ஊசி. பொடியையும் தண்ணீரையும் கலந்து, குமிழி இல்லாமல் ஏற்றித் தருவது எப்போதும் அவன்தான். லேப் கை, ஒரு சொட்டு சிந்தாது. இத்தனை நாளும் அவன் செய்தது அது ஒன்றுதான், அதையும் நன்றாகத்தான் செய்தான். அறை வாசலில் வந்து நின்றான். "கலந்து தரட்டுமா?" "வேண்டாம்" என்றாள். முதல் தடவையாகத் தானே கலந்தாள். குமிழி வந்தது. தட்டித் தட்டி மேலே ஏற்றி வெளியே தள்ளினாள். வயிற்றைப் பிடித்துக் குத்திக்கொண்டாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான்.

மறுநாள் அந்த வீட்டில் யாரும் யாரோடும் பேசவில்லை. முட்டை வேகும் சத்தமும் கதவு சாத்தும் சத்தமும்தான். மாமியார் மட்டும் சாயந்தரம் காற்றைப் பார்த்துச் சொன்னார், "எதைச் சொன்னாளோ, அது அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம்."

அதற்கடுத்த நாள் காலை கிளினிக்கில் இவர்கள்தான் முதல். தரை துடைத்த ஈரம் காயவில்லை. ஆலோசகர் அம்மா ஃபார்மை மேசைமேல் வைத்து, எங்கே கையெழுத்து என்று காட்டிவிட்டு, போன் பேச வெளியே போனார். மேல்பாதியில் டோனர் நம்பர், உயரம், நிறம் எல்லாம் அச்சாகியிருந்தது. அவள் அதன்மேல் தன் வலது உள்ளங்கையை விரித்து வைத்தாள். இடது கையால் தன் கையெழுத்தைக் கோணல்மாணலாகப் போட்டாள். பேனாவை அவன் பக்கம் உருட்டினாள்.

"கையை எடு."

"கையெழுத்து கீழே. அங்க நான் ஒண்ணும் மறைக்கல."

"ஒரு தடவை பாத்துக்கறேன். பாத்துட்டு ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"பாத்தா நீங்க சும்மா இருப்பீங்களா? உங்க கண்ணு சும்மா இருக்குமா? இன்னிக்கும் ஒரு துணியை எடுத்துட்டு ஓடுவீங்க."

"நான் எதுக்கு அப்படிப் பண்ணினேன்னு உனக்குத் தெரியாதா? நாலு பேரு நாலு விதமாப் பேசுவாங்க. நாளைக்கு அந்தப் புள்ளைக்குத்தான் கஷ்டம்."

"நாலு பேரு பேசினதை ரெண்டு வருஷம் நான் கேட்டேன். எனக்குக் கஷ்டம்னு உங்களுக்கு ஒரு நாளாவது தோணுச்சா? அதுல பாதியையாவது உங்க பக்கம் தள்ளிக்கிட்டீங்களா? இல்ல. என் உடம்புல இல்லாத கோளாறைக் கொண்டுவந்து உங்க அம்மா முன்னால வெச்சீங்க." அவள் குரல் உயரவில்லை. "எனக்கு உங்க மேல இருக்கிற கோபம் இப்போதைக்குப் போகாது. போகும்னு நினைச்சு கையெழுத்துப் போடாதீங்க. போடலைன்னா சொல்லுங்க, எழுந்து போயிடறேன். இந்த மாசமும் போகட்டும். அடுத்த தடவை எந்த ஃபார்ம்ல உங்க கையெழுத்து வேண்டாமோ, அதைத் தேடிக் கண்டுபிடிச்சுப் போட்டுக்கறேன்."

சுவருக்கு அப்பால் ஏதோ கருவி விட்டு விட்டு ஒலித்தது. அவன் அவளுடைய கையைப் பார்த்தான். சிவப்பு ஸ்டிக்கரின் பசை நகக்கண்ணில் கறுத்துப் போயிருந்த கை. அதற்குக் கீழே ஒரு ஆள் இருக்கிறான். எந்த நிறம் என்று தெரியாது. எத்தனை விளக்கு போட்டாலும் தெரியாது.

"பொறந்தா தெரிஞ்சுடும்ல?" என்றான் கடைசியில்.

"பொறந்தப்புறம் பாருங்க. எல்லா அப்பனும் அப்பத்தான் பாக்கறான்."

அவன் பேனாவை எடுத்தான். மூடியைத் திறந்தான், மூடினான், மறுபடி திறந்தான். அவள் அவசரப்படுத்தவில்லை. ஆலோசகர் அம்மா கதவுவரை வந்து, இருவரையும் பார்த்துவிட்டு, வந்த சுவடு தெரியாமல் திரும்பிப் போனார். பிறகு அவன் குனிந்து கையெழுத்துப் போட்டான். முழுப் பெயரும் எழுதினான், தேதியும் போட்டான்.

அவள் தாளைக் கவிழ்த்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

நர்ஸ் சின்னப் பெண். சின்னக் குப்பியில் ஒட்டியிருந்த நம்பரைக் காட்டி, "இதுதானேக்கா, பாத்துக்குங்க" என்றாள். அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து, ஆமாம் என்றாள். டாக்டரம்மா மெல்லிய குழாயை உள்ளே செலுத்தியபோது அடிவயிற்றில் ஓர் இழுப்பு. இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. இத்தனை ஊசிக்கும் இத்தனை சண்டைக்கும் பிறகு இரண்டு நிமிடம்.

"பத்து நிமிஷம் இப்படியே படுத்திருங்க," என்றாள் நர்ஸ். "சார் வெளிய நிக்கறாரு. வரச் சொல்லவா? சில பேரு வேண்டாம்பாங்க."

அவள் கூரையைப் பார்த்தாள்.

"வரட்டும். பேச வேண்டாம்னு சொல்லுங்க."

அவன் வந்தான். காலணி இல்லாமல், கையைக் கட்டுவதா தொங்கப்போடுவதா என்று தெரியாமல், கட்டிலின் கால்பக்கத்தில் நின்றான். வாயைத் திறந்தான், மூடிக்கொண்டான். சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. எடுத்தான்.

மாமியாரின் குரல் கட்டில்வரை கேட்டது. "முடிஞ்சுதா? எந்த ஆளுடா? வெளுப்பா கறுப்பா?"

"எனக்குத் தெரியாதும்மா."

"பொய் சொல்லாத. கையெழுத்துப் போட்டல்ல?"

"போட்டேன். தெரியாது." அவன் திரும்பிச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டான். குரல் கரகரத்தது. "என்கிட்டதான் ஒண்ணுமே இல்லையேம்மா. அவகிட்ட ஒரு குறையும் இல்ல. நான் உன்கிட்ட சொன்னது பொய். அவளுக்குத்தான் தெரியும். அவ சொன்னா சொல்லட்டும், சொல்லலைன்னா விடு."

அந்தப் பக்கம் மாமியார் ஏதோ பெரிதாகச் சொல்லத் தொடங்கினார். அவன் போனை அணைத்துப் பையில் போட்டான். திரும்பவில்லை. முதுகு மட்டும் ஏறி இறங்கியது.

இதைச் சொல்ல இரண்டு வருடம், என்று நினைத்தாள். கோபம் இருந்த இடத்திலேயே இருந்தது. அசைந்து கொடுக்கவில்லை. அவளும் அதை அசைத்துப் பார்க்கவில்லை.

ஓரத்தில் ஓர் இரும்பு நாற்காலி இருந்தது.

"உக்காருங்க," என்றாள். "இன்னும் ஆறு நிமிஷம் இருக்கு."